மே மாதத்து நியூட்டன்

பத்தாம் வகுப்புத் தேர்வு ஏப்ரலில் முடிகிறது. பிளஸ் ஒன் வகுப்பு ஜூனில் தொடங்குகிறது. இடையில் சில வாரங்கள் காலியாகக் கிடப்பதைப் பார்த்ததும் வீட்டுப் பெரியவர்களுக்கு இருப்புக் கொள்ளாது. "சும்மா ஃபோனைத்தானே நோண்டிக்கிட்டு இருக்கே, அதுலயே பிசிக்ஸ் கிளாஸ் பாரு. ஸ்கூல் திறக்கிறதுக்குள்ள பாதி புக்கை முடிச்சுடலாம்" என்ற பேச்சு இப்போது அநேகமாக எல்லா வீட்டிலும் கேட்கிறது.

யோசனை நல்லதுதான். இயற்பியலுக்குக் கோடை மிகப் பொருத்தமான காலம். மணி அடிப்பதில்லை, மறுநாள் வேதியியல் தேர்வும் இல்லை. ஒரே கணக்கோடு ஒரு முழுக் காலைப்பொழுதும் மல்லுக்கட்டலாம். பள்ளி தொடங்கிவிட்டால் அந்தச் சுதந்திரம் கிடைக்கவே கிடைக்காது. கெடுப்பது "பாதி புக்கை முடிக்கும்" ஆசைதான்.

தமிழ்நாட்டு பிளஸ் ஒன் இயற்பியல் பாடத்தில் பதினொரு அலகுகள். முதல் அலகில் அளவீடும் பிழைக் கணக்கும் வருகின்றன. இரண்டாவது அலகான இயக்கவியலில் வெக்டரோடு வகையீடும் தொகையீடும் வந்துவிடுகின்றன. அதே மாணவர் கணக்குப் பாடத்தில் வகை நுண்கணிதத்தைத் தொடுவது இரண்டாம் தொகுதிக்குப் போன பிறகுதான். கணக்கு வாத்தியார் இன்னும் சொல்லித் தராததை இயற்பியல் வாத்தியார் முதல் மாதத்திலேயே பயன்படுத்தியாக வேண்டிய கட்டாயம். பத்தாம் வகுப்பில் தொண்ணூறுக்கு மேல் எடுத்த பிள்ளைகள் ஆகஸ்டில் அரண்டுபோய் நிற்பதற்கு இது ஒரு பெரிய காரணம். கோடையில் இந்த ஒரு பள்ளத்தை நிரப்பினாலே போதும், அந்த ஆண்டு முழுக்க அதன் பலன் தெரியும்.

அடுத்தது, கைபேசியில் பார்ப்பதால் என்ன ஏறுகிறது என்ற கேள்வி. என் அக்கா மகள் ஒரு கோடையில் இயக்க விதிகள் வரைக்கும் காணொளிப் பாடங்களைப் பார்த்து முடித்திருந்தாள். நோட்டைக் காட்டினாள். இரண்டு நிறப் பேனாவில் அழகாக எழுதி, சூத்திரங்களைக் கட்டம் கட்டி வைத்திருந்தாள். நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "ஒரு பந்தை நேரா மேல எறியறோம். உச்சிக்குப் போயிடுச்சு. அந்த நொடியில பந்து மேல என்னென்ன விசை இருக்கு? படம் போடு."

பந்தை வரைந்தாள். கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி, மேல்நோக்கி அதே நீளத்தில் இன்னொன்று. "கீழ புவியீர்ப்பு. மேல நாம எறிஞ்ச விசை. உச்சியில ரெண்டும் சமமாயிடுது சித்தி, அதான் ஒரு நொடி நிக்குது."

"கையை விட்டப்புறம் அந்த எறிஞ்ச விசையை யாரு குடுத்துக்கிட்டு இருக்காங்க?"

அவள் அந்த மேல் அம்பையே வெகுநேரம் பார்த்தாள். நியூட்டனின் மூன்று விதிகளும் அவளுக்கு வரி பிசகாமல் தெரியும். முதல் விதிக்கும் அந்த அம்புக்கும் உள்ள சண்டைதான் தெரியவில்லை. காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால் பறக்கும் பந்தின் மேல் இருப்பது புவியீர்ப்பு விசை மட்டுமே. ஏறும்போதும் உச்சியிலும் இறங்கும்போதும் அது அதே அளவுதான். உச்சியில் பந்தின் திசைவேகம் சுழி; முடுக்கம் அப்போதும் 9.8 மீ/வி², கீழ்நோக்கி.

அந்த மேல் அம்பை வரைந்ததற்காக எந்தப் பிள்ளையும் வெட்கப்பட வேண்டியதில்லை. எறியப்பட்ட பொருளுக்குள் ஒரு விசை தங்கி அதைத் தள்ளிக்கொண்டே போகிறது என்றுதான் 6-ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்ட்ரியாவின் ஃபிலோபோனஸ் சொன்னார். 14-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் புரிடான் அதை விரிவாக வளர்த்தார். பெரிய மூளைகளே பல நூறு ஆண்டுகள் கட்டிக்காத்த எண்ணம் இது. ஒருமுறை காணொளி பார்த்தால் கலைந்துவிடாது.

ஏன் கலையாது என்பதைச் சோதித்துப் பார்த்தவர் டெரெக் முல்லர். இன்று வெரிடாசியம் யூடியூப் சேனலால் உலகம் அறிந்தவர். 2008-இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் அவர் செய்த முனைவர் பட்ட ஆய்வே இயற்பியல் காணொளிகளைப் பற்றியதுதான். ஒரு குழுவுக்குத் தெளிவான, நேரான விளக்கம் கொண்ட காணொளியைக் காட்டினார். "நன்றாகப் புரிந்தது" என்றார்கள். தேர்வு வைத்தால் மதிப்பெண் ஏறக்குறைய பழைய இடத்திலேயே நின்றது. இன்னொரு குழுவுக்கு, ஒரு மாணவர் வழக்கமான தவறான கருத்துகளைச் சொல்ல, ஆசிரியர் அவற்றோடு வாதாடும் காணொளி. "குழப்பமாக இருந்தது" என்றார்கள். ஆனால் அவர்கள் மதிப்பெண் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆயிற்று. தெளிவான விளக்கத்தைக் கேட்கும் மூளை, ஏற்கெனவே தான் நம்புவதைத்தான் அந்தக் குரலும் சொல்கிறது என்று எடுத்துக்கொள்கிறது. சுகமாகப் போகிற பாடம், உள்ளே இருக்கும் தப்பான அம்பைத் தொடாமலே போய்விடுகிறது.

இதைப் படித்துவிட்டு, "இணைய வகுப்பே வேண்டாம்" என்று முடிவு கட்டவும் வேண்டாம். 2013-இல் ஒரு கோடை. எம்.ஐ.டி. பேராசிரியர் டேவிட் பிரிட்சர்டின் குழு ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை எட்எக்ஸ் தளத்தில் இயந்திரவியல் பாடம் ஒன்றை நடத்தியது. ஏறத்தாழ 17,000 பேர் பெயர் பதிந்தார்கள். பெரும்பாலானோர் பாதியிலேயே நின்றுவிட்டார்கள். நின்று படித்தவர்களுக்குப் பாடத்துக்கு முன்பும் பின்பும் தேர்வு வைத்து ஒப்பிட்டதில், முன்பு இயற்பியல் நன்றாகத் தெரிந்தவர், அரைகுறையாகத் தெரிந்தவர், பள்ளி ஆசிரியர் என்று எந்தப் பிரிவினராக இருந்தாலும், தெரியாமல் இருந்ததில் கற்றுக்கொண்ட விகிதம் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தது. 2014-இல் வெளியான முடிவு இது. பலவீனமான மாணவருக்கு இணையப் பாடம் ஒத்துவராது என்ற எண்ணத்தை இந்தத் தரவு ஆதரிக்கவில்லை.

அவர்கள் கற்ற அளவு, வழக்கமான கரும்பலகை விரிவுரையில் கிடைப்பதைவிடச் சற்றுக் கூடுதல். மாணவர்களைப் பேசவைத்து, கணக்குப் போடவைத்து நடத்தும் வகுப்பைவிடக் குறைவு. அந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரம் கொஞ்சநஞ்சமல்ல. 1998-இல் இயற்பியல் பேராசிரியர் ரிச்சர்ட் ஹேக் 62 வகுப்புகளைச் சேர்ந்த 6,000-க்கும் மேற்பட்ட மாணவர்களின் தரவுகளை வெளியிட்டார். மாணவருக்குத் தெரியாமல் இருந்ததில் வெறும் விரிவுரை ஈடுகட்டியது கால் பங்குக்கும் குறைவு. கையும் வாயும் வேலை செய்த வகுப்புகளில் அது ஏறக்குறையப் பாதி.

இதோடு அமெரிக்காவின் கோடைப் பள்ளிகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அங்கே பல பள்ளி மாவட்டங்களில், ஓர் ஆண்டு இயற்பியலை ஜூன், ஜூலையில் இணையத்திலேயே முடித்துக்கொள்ளலாம். தோற்றுப்போனவர்களும் சேர்கிறார்கள், அடுத்த ஆண்டு உயர்நிலைப் பாடம் எடுக்க அவசரப்படுபவர்களும் சேர்கிறார்கள். அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் இரண்டாவது வகை அதிகம். கணக்கைப் பாருங்கள்: வழக்கமான பள்ளி ஆண்டு 180 நாள். ஆறு வாரக் கோடை வகுப்பென்றால் 30 நாள். ஆறு நாள் பாடம் ஒரே நாளில் இறங்குகிறது. திங்களன்று உந்தம், செவ்வாயன்று வட்ட இயக்கம். நேற்றுப் போட்டுத் தோற்ற கணக்கை ஒரு வாரம் கழித்து மறுபடி எடுத்துப் பார்க்க அங்கே வழியில்லை. மதிப்பெண் சான்றிதழ் தேவைப்படுகிறவர்கள் வேறு வழியின்றி எடுக்கலாம். சான்றிதழ் கட்டாயமில்லாத நம் ஊர்ப் பிள்ளை அந்த ஓட்டத்தை ஏன் ஓட வேண்டும்?

ஒரே ஒரு பகுதியை எடுங்கள் என்பதுதான் என் பரிந்துரை. இயக்கவியலும் இயக்க விதிகளும் போதும். கோடை முழுக்க அதுதான். காணொளியை ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டும் பழக்கத்தை இந்தப் பாடத்துக்கு மட்டுமாவது விட்டுவிட வேண்டும். ஆசிரியர் கணக்கைப் படித்து முடித்ததும் நிறுத்தி, விடையை முதலில் தானே ஊகித்து எழுதி, பிறகு ஓடவிட வேண்டும். ஊகம் தப்பாகப் போன இடத்தைச் சிவப்பில் குறித்து வைத்தால், அந்தச் சிவப்புக் குறிகள்தான் உண்மையான நோட்ஸ்.

செய்முறைக்கு வீட்டிலேயே ஆரம்பிக்கலாம். ஒரு சிறிய பூட்டு, நூல், அளவு நாடா, கைபேசியின் ஸ்டாப்வாட்ச். வாசல் நிலையில் ஆணியடித்து ஒரு மீட்டர் நீளத்தில் பூட்டைத் தொங்கவிட்டு, லேசாக இழுத்து விடுங்கள். இருபது அலைவுக்கு எத்தனை விநாடி? கிட்டத்தட்ட 40 வர வேண்டும். நூலைக் கால் மீட்டராக்கினால் அது பாதியாகிறது, 20 விநாடி. பூட்டோடு இன்னொரு பூட்டைச் சேர்த்து, நீளத்தை மட்டும் முன்போலவே வைத்துக்கொண்டால் நேரம் மாறுவதேயில்லை. இதை முதல்முறை கண்ணால் பார்க்கும் பிள்ளை நம்ப மறுத்துத் திரும்பத் திரும்ப அளந்து பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னும் சுவையானது, தப்பாக வரும் விடைதான். 40.4 விநாடி வந்ததாக வைத்துக்கொள்வோம். சூத்திரத்தில் போட்டால் புவியீர்ப்பு முடுக்கம் 9.68 வருகிறது. 9.8 எங்கே போயிற்று? நூலின் முடிச்சு வரைதான் நீளம் அளந்திருப்பார்கள். பூட்டின் நிறை மையமோ அதற்கும் ஒன்றரை சென்டிமீட்டர் கீழே. அந்த ஒன்றரை சென்டிமீட்டரே வித்தியாசம் முழுவதையும் விழுங்கிவிடும். விடை 10.9-ஐ ஒட்டி வந்தால், பூட்டை விட்ட நொடியில் "பூஜ்ஜியம்" என்று சொல்வதற்குப் பதில் "ஒன்று" என்று எண்ணத் தொடங்கியிருக்கிறார்கள். இருபது என்று நினைத்தது பத்தொன்பது அலைவுதான். பிழைக் கணக்கை வாசல்படியிலேயே கற்றுவிட்ட பிள்ளைக்கு முதல் அலகு அச்சுறுத்தாது.

ஜெர்மனியின் ஆகன் நகரப் பல்கலைக்கழகம் 2016-இல் வெளியிட்ட ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலி, கைபேசிக்குள் ஏற்கெனவே இருக்கும் முடுக்கமானியைத் திறந்து காட்டுகிறது. அதை ஓடவிட்டுக்கொண்டு லிஃப்டில் ஏறி இறங்கினால் கிளம்பும்போதும் நிற்கும்போதும் எடை மாறுவது கோடுகளாகத் தெரியும். நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-இல் தொடங்கிய ஃபெட் உருவகப்படுத்தல்களும் இலவசம். அவற்றில் சில தமிழிலும் கிடைக்கின்றன.

பாடத்தைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு எச்சரிக்கை. ஐஐடிகள் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். தளம் நம் நாட்டின் பெரிய சொத்து. ஆனால் அங்குள்ள பெரும்பாலான பாடங்கள் கல்லூரி மாணவருக்கானவை. சென்னை ஐஐடியின் வி. பாலகிருஷ்ணன் நடத்திய விரிவுரைகள் அருமையானவை என்பதற்காகப் பதினாறு வயதில் அவற்றில் குதித்தால் மூச்சுத் திணறும். அதே ஐஐடியில் படித்து யேல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான ஆர். ஷங்கரின் 2006-ஆம் ஆண்டு வகுப்புகள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. வகையீடு ஓரளவு பிடிபட்ட பிறகு அவற்றின் முதல் சில விரிவுரைகளைப் பயிற்சிக் கணக்குகளோடு பார்க்கலாம். எச்.சி. வர்மாவின் இயற்பியல் புத்தகம் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு ஆங்கிலக் காணொளி இரட்டைச் சுமை. அரசின் பிளஸ் ஒன் இயற்பியல் புத்தகம் இரண்டு மொழியிலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இரண்டையும் ஒரே பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, தமிழில் படித்த பத்தியை ஆங்கிலத்தில் ஒருமுறை படிக்கட்டும். முதல் அத்தியாயம் நகராது. மூன்றாவது அத்தியாயத்தில் வேகம் வந்துவிடும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது சொந்தமாகக் கைபேசி இல்லாத பிள்ளைகள்தான். வீட்டில் ஒரே ஃபோன், அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். அவர் இரவு ஒன்பது மணிக்குத் திரும்பும்போது அன்றைய டேட்டாவும் தீர்ந்திருக்கும். அந்தப் பிள்ளை படிக்கப்போகும் அரசு மேல்நிலைப் பள்ளியில் இணைய இணைப்போடு ஹைடெக் லேப் இருக்கிறது. அடுத்த அறையில் வெர்னியரும் திருகு அளவியும் தனி ஊசல் தாங்கியும் அலமாரிக்குள் இருக்கின்றன. மே மாதம் முழுக்க இரண்டு அறைக்கும் பூட்டு. வாரத்தில் இரண்டு காலைப்பொழுது அவற்றைத் திறந்து வைக்க, ஓர் ஆய்வக உதவியாளரும் விருப்பமுள்ள ஓர் ஆசிரியரும் போதும். அவர்களுக்கு அந்த நாட்களுக்கான ஊதியத்தைக் கொடுத்தாக வேண்டும். விடுமுறையில் இலவசமாக உழைக்கச் சொல்லக் கூடாது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோர் இதைக் கேட்கலாம். ஏப்ரலுக்கு முன்பே கேட்டால்தான் அந்தக் கோடைக்கே ஏற்பாடு செய்ய முடியும்.