கல்லாவில் சொல்லித் தரும் பொருளாதாரம்



பள்ளிக்கூடப் புத்தகத்தில் ‘தேவை’, ‘அளிப்பு’ என்று போட்டிருப்பதைத்தான் நாம் மார்க்கெட்டில் கிராக்கி, வரத்து என்கிறோம். புத்தகத்தில் படிக்கும் முன்பே பிள்ளைகள் இதைச் சந்திப்பது நம் கடை வாசலில்தான். “போன வாரம் இருபது ரூபாய், இன்று நாற்பதா அண்ணாச்சி?” என்று பையோடு வரும் பிள்ளை கேட்கிறது. “விலை ஏறிப் போச்சு, போ” என்று அனுப்பிவிட்டால், அது வீட்டில் போய் என்ன சொல்லும்? அண்ணாச்சி ஏற்றிவிட்டார் என்றுதான் சொல்லும்.

வெங்காயத்தை வைத்தே விளக்கலாம். பெரிய வெங்காயம் மகாராஷ்டிரத்து நாசிக் பக்கமிருந்து லாரியில் வருகிறது. அங்கே மழையில் பயிர் அழுகினால் இங்கே வரத்து குறையும். சாம்பார் வைப்பவர்கள் குறைவதில்லை. ஆகவே விலை ஏறும். அரசாங்கமும் இதில் கை வைக்கும். 2023 டிசம்பரில் மத்திய அரசு வெங்காய ஏற்றுமதிக்குத் தடை போட்டது. வெளிநாடு போக வேண்டிய சரக்கு உள்நாட்டிலேயே தங்கியது, நாசிக் மண்டிகளில் விலை இறங்கியது. வாங்குகிறவருக்கு லாபம், விளைவித்தவருக்கு நஷ்டம். 2024 மே மாதம் தடை விலக்கப்பட்டது. ஒரே உத்தரவு இருவருக்கும் இரண்டு விதமாக இருக்கும் என்பது பத்து வயதுப் பிள்ளைக்கு நன்றாகவே புரியும்.

அடுத்தது வரி. இதில்தான் நம் பெயர் அதிகம் கெடுகிறது. பில்லில் ஜி.எஸ்.டி. என்று இருப்பதை நாம் எடுத்துக்கொள்வதாகப் பெரியவர்களே நினைக்கிறார்கள். குளியல் சோப்புக்கு 18 சதவீதமாக இருந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். எம்.ஆர்.பி.க்கே விற்கும் சோப்பு 105 ரூபாய் என்றால் சரக்கு 100, வரி 5. அந்த ஐந்தில் பாதி மத்திய அரசுக்கு, பாதி மாநில அரசுக்கு. எம்.ஆர்.பி.யில் எல்லா வரியும் அடக்கம். அதற்கு மேல் வரி என்று கேட்பவர் நம்மில் யாராக இருந்தாலும் தவறுதான். காம்போசிஷன் முறையில் இருப்பவர் பில்லில் வரி போடவே கூடாது. தம் கையிலிருந்து கட்ட வேண்டும்.

உப்புக்கு வரி கிடையாது. லேபிள் ஒட்டிய அரிசிப் பை 25 கிலோ வரை என்றால் 2022 ஜூலை 18 முதல் 5 சதவீதம். 26 கிலோ பை எதற்காக வந்தது என்று பிள்ளைகள் கேட்டால், சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம்.

பட்ஜெட் என்பது பெரிய பேரேடு. வரவை விடச் செலவு அதிகமானால் துண்டு விழும். அதற்கு அரசாங்கமும் கடன்தான் வாங்குகிறது. மானியத்துக்கு ரேஷன் அரிசி போதும். தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அரிசி அட்டைக்கு அது விலையில்லாமல் கிடைக்கிறது. நெல் விளைவித்தவருக்கும், அரைத்த ஆலைக்கும், ஏற்றி வந்த லாரிக்கும் யாரோ பணம் கொடுத்திருக்கிறார்கள் அல்லவா? அந்தப் பணத்தில் நம் கடையில் வாங்கிய சோப்பின் இரண்டரை ரூபாயும் இருக்கிறது என்று அந்தப் பிள்ளையிடம் பில்லைக் காட்டியே சொல்லுங்கள்.