கோழிக் கூடும் தூய்மையும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல் மாணவன்)

“கல்லூரி மலரில் எழுதக் கோழிக் கூடுதானா கிடைத்தது?” என்று நண்பர்கள் சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். நம் வகுப்பில் பாதிப் பேர் வீட்டுக் கொல்லையில் நான்கு கோழிகளாவது மேய்கின்றன என்பதை நான் அறிவேன். விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குப்பிகளுக்குள் இருக்கும் உயிர்களின் பெயர்களை மனப்பாடம் செய்யும் நாம், நம் வீட்டுக் கூட்டிற்குள் இருக்கும் உயிர்களைப் பற்றி எவ்வளவு அறிந்திருக்கின்றோம்? இக்கேள்வி எனக்கு ஒரு துன்பத்திற்குப் பின்னரே எழுந்தது.

எனது ஊர் கடையம். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம். செல்லம்மாள் பிறந்த ஊர். பாரதியார் 1918 முதல் 1920 வரை வாழ்ந்த ஊர். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். என் தாயார் பீடி சுற்றுபவர். பீடிக் கூலி வீட்டுச் செலவிற்கு. கோழியும் முட்டையும் விற்ற காசு என் படிப்பிற்கு. தேர்வுக் கட்டணம், புத்தகம், பேனா யாவும் அந்தக் கோழிகள் தந்தவையே.

நான் செய்த பிழை

முதலாண்டு முடிந்த விடுமுறையில், படித்தவன் என்ற பெருமிதத்தோடு கூட்டைச் சுத்தம் செய்யப் புறப்பட்டேன். அது ஆனி மாதம். குற்றாலச் சாரல் எங்கள் ஊர் வரை தூறிக்கொண்டிருந்தது. குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கூட்டைக் கழுவினேன். பினாயிலும் தெளித்தேன். மண் தரை மின்னியது. அன்று மாலையே கோழியையும் பதினொரு குஞ்சுகளையும் உள்ளே விட்டு அடைத்தேன். சாரல் உள்ளே வராதிருக்கச் சாக்கையும் தொங்கவிட்டேன்.

தரை காயவே இல்லை. ஒரு வாரத்தில் குஞ்சுகள் இறகைத் தொங்கவிட்டு உறங்கின; எச்சத்தில் இரத்தம் கண்டது. பத்து நாட்களில் ஏழு குஞ்சுகள் இறந்தன. அவை வளர்ந்தால் கார்த்திகையில் விற்றுத் தேர்வுக் கட்டணம் கட்டலாம் என்று கணக்கிட்டிருந்தோம். அம்மா என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “ஏ ஐயா, குஞ்சுக்கு ஈரம் ஆகாதுய்யா. நீ படிச்ச பிள்ளை சொல்லுதியேன்னு நான் பேசாம இருந்துட்டேன்” என்று மட்டும் சொன்னார். அந்த மாதம் முழுதும் நள்ளிரவு வரை விளக்கெரிய அமர்ந்து கூடுதலாகப் பீடி சுற்றினார்.

அதன் பின்னரே நான் புத்தகத்தைப் புரட்டினேன், கால்நடை மருந்தகத்தில் கேட்டேன், அம்மாவிடமும் கேட்டேன். மூன்றும் ஒன்றையே சொல்லின. கோழிக் கூட்டில் தூய்மை என்பது முதலில் உலர்வு, பிறகே மற்றவை.

கூட்டை ஏன் சுத்தம் செய்ய வேண்டும்?

எங்கள் ஊருக்கு மேற்கே களக்காடு முண்டந்துறைக் காடுகளில் சாம்பல் நிறக் காட்டுக்கோழி வாழ்கின்றது. அதன் இருப்பிடத்தை யாரும் பெருக்குவதில்லை; ஆயினும் அது நலமாக இருக்கின்றது. காரணம் எளிது. காட்டுக்கோழி மரக்கிளையில் அடைகின்றது. எச்சம் கீழே விழுந்து வெயிலிலும் காற்றிலும் சிதைகின்றது. வீட்டுக்கோழியோ இரவுதோறும் ஒரே இடத்தில் தன் எச்சத்தின் மேலேயே உறங்குகின்றது. அவ்வாறு உறங்க வைத்தவர்கள் நாம். ஆகவே சுத்தம் செய்யும் கடமையும் நம்முடையதே.

ஒரு கோழி நாளொன்றுக்குச் சுமார் 100 கிராம் எச்சமிடும் எனக் கொள்வோம். பத்துக் கோழிகளுக்கு ஒரு கிலோ. அதில் பாதி இரவில் கூட்டிற்குள் விழுந்தால் மாதத்திற்கு 15 கிலோ சேர்ந்துவிடும்! இதிலிருந்து மூன்று தீமைகள் விளைகின்றன.

முதலாவது, அம்மோனியா. கோழி எச்சத்தின் மேலுள்ள வெண்மையான பகுதி யூரிக் அமிலம். ஈரம் சேர்ந்தால் பாக்டீரியாக்கள் அதனைச் சிதைத்து அம்மோனியாவாக மாற்றுகின்றன. இவ்வாயு கோழியின் கண்ணை எரிக்கும். மூச்சுக்குழலில் தூசியையும் கிருமியையும் வெளியேற்றும் நுண்ணிய குறுஇழைகளைக் கெடுக்கும். பிறகு சளி நோய் எளிதில் பற்றும். கூட்டின் நெடியை நின்றுகொண்டு முகர்ந்து பார்ப்பதில் பயனில்லை. கோழியின் தலை உயரத்திற்குக் குனிந்து முகர வேண்டும். நம் கண் கரித்தால் இரவு முழுதும் அங்கே கிடக்கும் கோழியின் நிலை என்ன?

இரண்டாவது, இரத்தக் கழிச்சல். என் குஞ்சுகளைக் கொன்றது இதுவே. எய்மீரியா என்னும் ஓரணு உயிர் கோழியின் குடலில் பெருகி, முட்டை போன்ற உறைகளாக எச்சத்தில் வெளிவருகின்றது. வெளிவந்தவுடன் அது நோய் தருவதில்லை. வெப்பம், ஈரம், காற்று மூன்றும் கிடைத்தால் சுமார் இரண்டு நாட்களில் நோய் தரும் தன்மையை அடைகின்றது. மூன்று முதல் எட்டு வாரக் குஞ்சுகளை இது மிகுதியும் தாக்கும். சாதாரணக் கிருமிநாசினிகளுக்கு அந்த உறை அசைவதில்லை. உலர்வும் கடும் வெயிலுமே அதற்குப் பகை. நான் ஊற்றிய பினாயில் ஏன் பயன்படவில்லை என்பது அப்போதுதான் விளங்கிற்று.

மூன்றாவது, செள்ளும் உண்ணியும். செந்நிறச் செள் பகலில் மரச்சந்திலும் சுவர் வெடிப்பிலும் ஒளிந்திருந்து இரவில் கோழியின் இரத்தத்தை உறிஞ்சும். பகலில் கோழியைப் பிடித்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. வெப்பமான காலத்தில் இது முட்டையிலிருந்து முழு உருவம் பெற ஒரு வாரம் முதல் பத்து நாட்களே போதும். கோழி உண்ணியோ இரத்தமின்றி ஓராண்டிற்கு மேலும் உயிரோடிருக்கவல்லது. எனவே கூட்டைச் சில மாதம் வெறுமனே போட்டுவைத்தால் உண்ணி அழிந்துவிடும் என்று நம்புவது தவறு. முட்டை குறைதல், கொண்டை வெளுத்தல், மாலையில் கூட்டிற்குள் போக மறுத்து மரத்தில் ஏறுதல் ஆகியவை இவற்றின் அறிகுறிகள். ஐயமிருந்தால் இரவில் அடைகட்டையின் அடிப்புறத்தை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் இரத்தக் கறை படிந்தால் செள் உண்டு.

கூடு எப்படி அமைய வேண்டும்?

சுத்தம் செய்யும் வேலையில் பாதி, கூடு கட்டும்போதே முடிந்துவிடுகின்றது. பத்துக் கோழிகளுக்கு 5 அடி நீளமும் 4 அடி அகலமும் இருந்தால் ஒன்றுக்கு 2 சதுர அடி கிடைக்கும். நான்கு அடி நீளமுள்ள இரண்டு அடைகட்டைகளை ஓரடி இடைவெளியில், ஒரே உயரத்தில் அமைத்தால் போதும். உயரம் மாறினால் எல்லாக் கோழிகளும் மேற்கட்டைக்கே சண்டையிடும். முட்டையிட இரண்டு பெட்டிகள் வேண்டும். கூட்டின் தரை நிலத்திலிருந்து 2 அடி உயர்ந்திருந்தால் அடியில் காற்றோடும். பாம்பு, கீரி, மரநாய் ஆகியவற்றின் தொல்லையும் குறையும்.

கூட்டின் நீளம் கிழக்கு மேற்காக இருப்பது நன்று. அப்போது வலை அடித்த நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்குமாக அமையும். கடும் வெயில் உள்ளே விழாது. எங்கள் பகுதியில் இதற்கு இன்னொரு பயனும் உண்டு. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அக்காற்றும் சாரலும் எங்களுக்கு மலைப்பக்கமான மேற்கிலிருந்தே வருகின்றன. மேற்குப் பக்கத்தைப் பலகையால் முழுதும் அடைத்துக் கதவைக் கிழக்கில் வைத்துவிட்டால் சாரல் உள்ளே நுழையாது. நான் செய்ததுபோல் நான்கு பக்கமும் சாக்குக் கட்டிக் காற்றை அடைப்பது பெருந்தவறு.

நாள்தோறும்

காலையில் கோழிகளைத் திறந்துவிட்டதும் கதவை மூட வேண்டாம். உள்ளே காற்றும் ஒளியும் புகட்டும். அடைகட்டையின் கீழ் ஒரு பழைய தகரத்தையோ சாக்கையோ விரித்து வைத்தால், இரவு எச்சத்தை அப்படியே எடுத்துத் தட்டிவிடலாம். தண்ணீர்ச் சட்டியைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவிப் புதுநீர் வைக்க வேண்டும். சட்டி கூட்டிற்கு வெளியே இருப்பதே நல்லது. உள்ளே வைத்தால் கவிழ்ந்து ஈரமாகும்.

வாரம் ஒருமுறை

செள் பெருகும் காலமும் ஏறத்தாழ ஒரு வாரமாகையால், வாரம் ஒருமுறை என்பது காரணமுள்ள கணக்கு. வெயிலடிக்கும் நாளாகப் பார்த்துத் தொடங்க வேண்டும். மூக்கையும் வாயையும் துண்டால் கட்டிக்கொண்டு, ஈரமான உமியை அள்ளி வெளியேற்ற வேண்டும்; காய்ந்த உமியைக் கிளறிவிட வேண்டும். தரையில் இரண்டு அங்குல கனத்திற்கு உலர்ந்த நெல் உமியோ கடலைத் தொலியோ மணலோ இருக்கலாம். ஒரு பிடி எடுத்து இறுகப் பிடித்துப் பாருங்கள். கை திறந்ததும் உதிர்ந்தால் நன்று. உருண்டையாக நின்றால் ஈரம் மிகுதி.

அடைகட்டைகளைக் கழற்றி வெயிலில் போட வேண்டும். கட்டையின் முனைகளிலும் சந்துகளிலும் கொதிநீர் ஊற்றி, காய்ந்தபின், ஒரு லிட்டர் நீருக்கு 30 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து பழைய தூரிகையால் தடவுகிறோம். வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தைக் கூட்டில் அடிப்பவர்கள் உண்டு. கோழி எதையும் கொத்தித் தின்னும் பறவை. அம்மருந்து அதன் உடலுக்கும் முட்டைக்கும் போகும். அது வேண்டவே வேண்டாம்.

கொல்லையில் ஒரு குழியில் அடுப்புச் சாம்பலும் மணலும் கலந்து வைத்தால், கோழிகள் தாமே புரண்டு குளித்துப் பேனை உதிர்த்துக்கொள்ளும். மழை நனைக்காதவாறு மேலே ஓர் ஓலை போதும்.

ஆண்டிற்கு இருமுறை

சாரலுக்கு முன் வைகாசியிலும், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் தை மாதத்திலும் முழுச் சுத்தம் செய்ய வேண்டும். இங்கே வரிசை முக்கியம். முதலில் எச்சத்தையும் உமியையும் முழுவதும் வாரியலால் பெருக்கி எடுக்க வேண்டும். அடுத்துச் சுரண்ட வேண்டும். அதன் பிறகே கழுவ வேண்டும். எச்சத்தின் மேல் ஊற்றும் கிருமிநாசினி அதனோடேயே செயலிழந்து போகும். கழுவியபின் நன்றாகக் காயவிட்டு, வெடிப்புகளை அடைத்துச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். ஈர எச்சத்தின் மேல் சுண்ணாம்பைத் தூவுதல் கூடாது. காரம் பட்டால் அம்மோனியா மேலும் கிளம்பும். சுண்ணாம்பு காயும் வரை கோழிகள் பஞ்சாரத்திலேயே இருக்கட்டும்.

தூய்மையோடு தடுப்பூசியும்

தூய்மை எல்லா நோயையும் தடுக்காது. வெள்ளைக் கழிச்சல் என்று நாம் சொல்வது ராணிக்கேத் நோய். 1926-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும், அதையடுத்து நம் நாட்டின் குமாவோன் மலையிலுள்ள ராணிக்கேத்திலும் கண்டறியப்பட்டதால் அது இரு பெயர்களைப் பெற்றது. இது வைரஸ் நோய், வந்தபின் மருந்தில்லை. தடுப்பூசி ஒன்றே வழி. தமிழகக் கால்நடைத் துறை பிப்ரவரி மாதத்தில் நடத்தும் கோழிக் கழிச்சல் தடுப்பூசி முகாம்களைத் தவறவிடக் கூடாது. தடுப்பூசி என்னும் அறிவியலுக்கே கோழி ஒரு வகையில் தாய் எனலாம். லூயி பாஸ்டர் 1879-80-இல் கோழிக் காலரா கிருமியை வைத்துச் செய்த ஆய்வே, ஆய்வுக்கூடத்தில் வலுவிழக்கச் செய்த கிருமியால் நோயைத் தடுக்கலாம் என்பதைக் காட்டியது.

சந்தையில் வாங்கிய புதுக்கோழியை மூன்று வாரம் தனியே வைத்துப் பார்த்தே கூட்டில் சேர்க்க வேண்டும். இறந்த கோழியைக் கால்வாயில் எறியாமல், சுண்ணாம்பிட்டு ஆழமாகப் புதைக்க வேண்டும். ஒரே சமயத்தில் பல கோழிகள் இறந்தால் உடனே கால்நடை மருந்தகத்திற்குச் சொல்ல வேண்டும். 2006-இல் மராட்டிய மாநிலம் நவாபூரில் தோன்றிய பறவைக் காய்ச்சலை நாம் மறக்கலாகாது. கூட்டில் வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுதல் நமக்கான தடுப்பு.

கழிவும் செல்வமே

வாரிய எருவைப் பச்சையாகச் செடிக்கு இட்டால் வேர் கருகும். குழியில் காய்ந்த இலையும் சாணமும் கலந்து சில மாதங்கள் மக்கவிட்டால் தழைச்சத்து நிறைந்த உரமாகும். எங்கள் வீட்டு எலுமிச்சை மரம் அதற்குச் சாட்சி.

முடிவாக

சென்ற தை மாதம் முழுச் சுத்தத்தை நானும் அம்மாவும் சேர்ந்தே செய்தோம். எங்கே பெருக்க வேண்டும், எப்போது வெயில் போதும் என்பதை அவர் சொன்னார். ஏன் என்பதை நான் சொன்னேன். அதன்பின் பொரித்த ஒன்பது குஞ்சுகளில் எட்டு இன்று கொல்லையில் மேய்கின்றன. ஒன்றைப் பருந்து தூக்கிச் சென்றது. அதற்குக் கூடு பொறுப்பன்று!

நண்பர்களே! நம்மில் பலர் நம் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள். நாம் படித்தவர்கள் என்பதற்காக வீட்டில் தெரிந்தவர்கள் வாய்மூடி நிற்கும் நிலை வரக் கூடாது. அன்று என் தாயார் ஒரு சொல் சொல்லியிருந்தால், அல்லது நான் ஒரு சொல் கேட்டிருந்தால், ஏழு குஞ்சுகள் பிழைத்திருக்கும். விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது கூட்டைத் திறந்து பாருங்கள், குனிந்து முகருங்கள், பிறகு வாரியலைக் கையில் எடுப்பதற்கு முன் அம்மாவை ஒரு வார்த்தை கேளுங்கள்.