பாட்டியின் பதக்கம்: நகையா, நம்பிக்கையா?

பாட்டியின் கழுத்தில் கிடந்த சிலுவைப் பதக்கத்தை உருக்கிப் பேத்திக்குக் கம்மல் செய்யலாமா? தோட்டத்தை விட்டு சுங்கை பட்டாணி, கூலிம், அலோர் ஸ்டார் என்று பிரிந்துபோன கெடா கத்தோலிக்கக் குடும்பங்களில், நகைகளைப் பங்கிடும்போது எழக்கூடிய கேள்வி இது. அதற்கு விடை காண, இத்தகைய பதக்கங்களை அந்தக் காலத்தில் எதற்காக அணிந்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

தொடக்கக் காலக் கிறிஸ்தவர்களிடம் சிலுவைப் பதக்கம் பரவலாக இல்லை. சிலுவை அன்று குற்றவாளிகளைக் கொல்லும் மரம். மோதிரத்தில் புறா, மீன், கப்பல், நங்கூரம் போன்றவற்றைப் பொறித்துக்கொள்ளலாம் என்றே கி.பி. 200ஐ ஒட்டி அலெக்சாந்திரியா கிளமென்ட் எழுதினார். 4ஆம் நூற்றாண்டில்தான் நிலைமை மாறியது. இயேசுவை அறைந்த சிலுவையின் மரம் என்று போற்றப்பட்ட துண்டுகளைச் சிறு கூட்டில் அடைத்துக் கழுத்தில் அணியத் தொடங்கினார்கள்.

இன்றைய துருக்கிப் பகுதியில் வாழ்ந்த புனித மக்ரீனா 379ஆம் ஆண்டு வாக்கில் இறந்தார். அவர் நெஞ்சில் ஒரு சிலுவையும் ஒரு மோதிரமும் இருந்தன. இரண்டும் வெறும் இரும்பு. மோதிரத்துக்குள் சிலுவை மரத்தின் துண்டு இருந்தது. ஆயராக இருந்த தம்பி கிரகோரி மோதிரத்தை வைத்துக்கொண்டு, சிலுவையை உடனிருந்த பெண்மணிக்குக் கொடுத்தார். அக்காளின் சொத்தில் அவர் எடுத்துக்கொண்ட பங்கு அந்த இரும்பு மோதிரம்தான்.

நம் பக்கத்திலும் இதற்குச் சான்று உண்டு. புனித சவேரியார் 1545இல் மயிலாப்பூரில் சில மாதம் தங்கிவிட்டு, அதே ஆண்டு மலாக்கா வந்தார். 1552இல் சீனக் கரையோரத் தீவில் அவர் இறந்தபோது கழுத்தில் ஒரு சிறு பேழை இருந்தது. அதில் தோமையாருடையதாகப் போற்றப்பட்ட எலும்புத் துண்டு, இஞ்ஞாசியாரின் கையெழுத்து, தமது துறவற வாக்குறுதி எழுதிய தாள் ஆகியவை இருந்தன. தங்கமோ வைரமோ இல்லை.

அதற்காக இதைத் தாயத்துபோல் நினைப்பதும் தவறு. குருக்கள் தாயத்து செய்யக் கூடாது என்று 4ஆம் நூற்றாண்டிலேயே லவோதிக்கேயா சங்கம் தடை விதித்தது. பதக்கம் தானாகக் காப்பாற்றுவதில்லை. யாரை நம்புகிறோம் என்பதை நினைவூட்டுகிறது.

இனி கேள்விக்கு வருவோம். பதக்கத்தின் பின்புறம் மூடிபோல் இருந்தால் உள்ளே திருப்பண்டம் இருக்கக்கூடும். அப்படியானால் பங்குக் குருவிடம் காட்டுவதே முறை. திருப்பண்டத்தை விற்பதை 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் அறவே தடுக்கிறது. மந்திரித்த பொருள் தனியார் கையில் இருந்தாலும் மரியாதையாக நடத்த வேண்டும் என்றும் அது சொல்கிறது. உள்ளே எதுவும் இல்லாத சாதாரணப் பதக்கம் என்றால் முடிவு குடும்பத்தின் கையில். ஆனால் தராசில் வைத்து எத்தனை கிராம் என்று பார்ப்பதற்கு முன், இதை அணிய ஆசைப்படுபவர் வீட்டில் யாராவது உண்டா என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்பது நல்லது.