மூச்சுப் பரிசோதனை முடிவு சில வேளை தாமதமாவது ஏன்?

இரைப்பைப் புண்ணுக்குப் பெருங்காரணமாய் இருப்பது ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியா. இதனைக் கண்டறிந்தமைக்காக ஆஸ்திரேலிய மருத்துவர்கள் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றனர். எண்டோஸ்கோப்பி செய்யாமலேயே இக்கிருமியை அறிய உதவுவது யூரியா மூச்சுப் பரிசோதனை.

இதில் கார்பன்-13 சேர்ந்த யூரியாவை நோயாளி அருந்துகிறார். கார்பன்-13 கதிர்வீச்சு அற்றது. ஆதலால் அச்சம் வேண்டா. வயிற்றில் கிருமி இருப்பின் அது யூரியாவைச் சிதைக்கும். அப்போது உண்டாகும் கார்பன் டைஆக்சைடு மூச்சில் வெளிவரும். அருந்துவதற்கு முன் ஒரு முறையும், ஏறத்தாழ அரை மணி நேரம் கழித்து மறுமுறையும் மூச்சு சேகரிக்கப்படுகிறது.

இரண்டுக்கும் இடையே தேடப்படும் வேறுபாடு ஆயிரத்தில் சில பங்கு மட்டுமே. அதனை அளக்கும் கருவி ஐசோடோப்பு விகித நிறை நிறமாலைமானி. வெற்றிடத்தில், காந்தப் புலத்தின் உதவியால், 44, 45 நிறையுள்ள மூலக்கூறுகளை அது பிரித்து எண்ணுகிறது. இத்துணை நுட்பமான கருவிக்கு மூன்று இடையூறுகள் அடிக்கடி நேர்கின்றன.

ஈரம்: மூச்சிலுள்ள நீராவி முற்றிலும் நீக்கப்படாவிடில், நீரின் ஹைட்ரஜன் 44 நிறையுள்ள மூலக்கூறோடு சேர்ந்து அதனை 45 போலக் காட்டும். ஆகவே ஈரம் நீக்கும் பகுதி உரிய காலத்தில் மாற்றப்படுகிறது.

கசிவு: இணைப்புகள் தளர்ந்தால் வெளிக்காற்று உட்புகும். ஆய்வகத்தார் ஒவ்வோர் இணைப்பின் மீதும் ஆர்கான் வாயுவைச் செலுத்துவர். எவ்விடத்தில் கருவி ஆர்கானை உணர்கிறதோ அதுவே கசிவிடம்.

மின்னிழை: பழைய மின்விளக்கின் இழை போன்று இதுவும் ஒருநாள் அறுந்துபோகும். மாற்றுவதற்கு வெற்றிடத்தைக் கலைக்க வேண்டும். மீண்டும் காற்றை வெளியேற்றி நிலைப்படுத்த ஓரிரவோ அதற்கு மேலோ ஆகலாம்.

மாதிரிகளை அளக்கத் தொடங்குமுன், ஒரே வாயுவைப் பலமுறை அளந்து பார்ப்பது வழக்கம். விடைகள் ஒத்துவராவிடில் நோயாளியின் மாதிரி கருவியில் ஏற்றப்படாது. தாமதத்திற்குரிய காரணம் பெரும்பாலும் இதுவே. கிருமி இல்லாதவர் வீணாக ஆன்டிபயாட்டிக் உண்பதும், கிருமி உள்ளவர் மருந்தின்றி விடப்படுவதும் சில நாள் காத்திருப்பதைவிடத் தீங்கானவை. நன்கு மூடிய குழாயில் மூச்சு மாதிரி பல நாள் கெடாதிருக்கும். எனவே கருவி பழுதுற்றால் பெரும்பாலும் மறுபடி மூச்சு அளிக்க நேராது.

நீங்கள் செய்யக்கூடியவை:

• வெறும் வயிற்றுடன் வருக.
• ஆன்டிபயாட்டிக் உட்கொண்டு நான்கு வாரமும், அமிலம் குறைக்கும் ஒமெப்ரசோல் போன்ற மருந்துகளை நிறுத்தி இரண்டு வாரமும் கடந்திருக்க வேண்டும். மருத்துவரைக் கேளாமல் எதனையும் நிறுத்த வேண்டா.
• உறிஞ்சுகுழலைக் குழாயின் அடிவரை விட்டு ஊதி, ஊதிக்கொண்டே வெளியே எடுத்து, உடனே இறுக மூடுக.
• முதற்குழாயும் இரண்டாங்குழாயும் இடம் மாறாமல் பார்த்துக்கொள்க.

முடிவு வரத் தாமதமானால் காரணத்தை ஆய்வகத்தாரிடம் தயங்காது கேளுங்கள். அறிந்துகொள்வது உங்கள் உரிமை.