வெளிச்சம் குறைந்த மீன் தொட்டிக்கு ஏற்ற செடிகள்

வீட்டுக் கூடத்தில் கண்ணாடித் தொட்டி அமைத்து மீன் வளர்ப்போரிற் பலர், அதில் நட்ட செடிகள் ஒரு மாதத்திற்குள் மஞ்சளித்து அழுகிவிடுவதாகக் குறை கூறுகின்றனர். தண்ணீர் சரியில்லை என்பர் சிலர். மணலில் சத்தில்லை என்பர் சிலர். பெரும்பாலும், வெயிலில் வளர வேண்டிய செடியை இருண்ட மூலையில் நட்டதே இதற்குக் காரணமாகும்.

செடியானது வெளிச்சம் உள்ளபோது ஆகாரத்தைத் தயாரிக்கிறது. இரவும் பகலும் சுவாசித்து அதைச் செலவிடுகிறது. வெளிச்சம் போதாதவிடத்து வரவு செலவுக்குக் காணாமல், தண்டில் சேமித்ததைக் கரைத்துச் சில வாரங்கள் உயிர் வாழ்ந்து, பின் அடியிலைகளை உதிர்க்கும். உதிர்ந்தவை அழுகுங்கால் நீரில் கரைந்துள்ள பிராண வாயு குறைகிறது. இரவில் செடிகளும் அவ்வாயுவை வெளியிடுவதில்லையாதலால், விடியற்காலையில் மீன்கள் மேல்மட்டத்திற்கு வந்து வாய் திறந்து தவிக்கும். ஆகவே பொருத்தமற்ற செடி மீன்களின் உயிருக்கே கேடாய் முடியலாம்.

மனிதக் கண் மங்கலுக்குத் தன்னைப் பழக்கிக் கொள்வதால், அறையின் வெளிச்சத்தை நாம் அதிகமாகவே மதிப்பிடுகிறோம். நண்பகலில், தொட்டி வைக்கும் இடத்தில் வெள்ளைத் தாள் ஒன்றை விரித்து, ஓரடி உயரத்தில் கையை நீட்டிப் பார்க்கலாம். நிழலின் விளிம்பு தெளிவாகத் தெரியாவிடில் அவ்விடம் வெளிச்சம் குறைந்ததென்று கொள்க.

இத்தகைய இடத்திற்கு மெதுவாக வளரும் செடிகளே தக்கவை. மேற்கு ஆப்பிரிக்க ஓடைக்கரைகளில் நிழலில் வளரும் அனுபியாஸ் இவற்றுள் முதன்மையானது. இதன் தடித்த இலை ஒரு வருஷத்திற்கு மேலும் நிற்கும். மாதத்தில் ஓரிரு இலைகளே புதிதாக விடும். அவசரக்காரர்களுக்கு இது பிடிப்பதில்லை. ஜாவாப் பெரணியும் இவ்வினத்தையே சார்ந்த குணமுடையது. இதன் இலையடியில் தோன்றும் பழுப்புப் புள்ளிகளை நோயென்று எண்ணி இலைகளைக் கிள்ளி எறிவோர் உளர்; அவை வித்துத்தூள் உண்டாகும் இடங்களே. முதிர்ந்த இலைகளில் முளைக்கும் சிறு கன்றுகளை எடுத்துத் தனியே வளர்க்கலாம். இவ்விரு செடிகளின் தடித்த கிடைத்தண்டை மணலில் புதைத்தால் அழுகிவிடும். கல்லிலோ மரக்கட்டையிலோ நூலால் கட்டிவிட வேண்டும். ஜாவாப் பாசியையும் அவ்வாறே கட்டலாம்.

மணலில் வேரூன்றும் செடி வேண்டுவோர்க்குக் கிரிப்டோகொரைன் வகைகள் உண்டு. தொட்டிகளில் பெரிதும் காணப்படும் வெண்டிடீ, பெக்கெட்டீ என்னும் இரண்டும் இலங்கையின் நிழல் கவிந்த ஓடைகளுக்கு உரியவை. நாட்டு மருந்துக் கடைகளில் நாட்டு அதிவிடயம் என்று விற்கப்படும் கிழங்கும் இவற்றின் உறவினதே. இடம் மாற்றி நட்டவுடன் இவற்றின் இலைகள் முழுவதும் கூழாய்க் கரைந்து போவதுண்டு. அப்பொழுது செடி செத்ததென்று பிடுங்கலாகாது. அழுகிய இலைகளை மட்டும் அகற்றி வேரை அசையாது விட்டால், சில வாரங்களில் புதுத்துளிர் வரும்.

செந்நிற இலைச் செடிகளும், கபோம்பாவும், தரையில் புல்போல் படரும் வகைகளும் மிகுந்த வெளிச்சத்தை வேண்டுவன. ‘லக்கி பேம்பூ’ என்று விற்கப்படும் செடி நீர்ச்செடியே அன்று. இலைகளையும் மூழ்க வைத்தால் மெல்ல அழுகும். இதற்குப் பணம் செலவிடுதல் வீண். விளக்கை நாளொன்றுக்கு ஏழெட்டு மணி நேரம் எரித்தாற் போதும். மங்கலான விளக்கை நாள் முழுதும் எரிப்பதால் செடிக்குப் பயனில்லை; கண்ணாடியில் பாசி படிவதே மிச்சம்.

நம் ஏரிகளில் காசின்றிக் கிடைக்கும் ஹைட்ரில்லாவும் மிகக் குறைந்த வெளிச்சத்தில் உயிர் வாழும். ஆயினும் வெளிச்சத்தைத் தேடி நீண்டு, மேலே படர்ந்து, கீழுள்ளவற்றை மறைத்துவிடும். 1950-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் இது இலங்கையிலிருந்து மீன் தொட்டிச் செடியாகவே அமெரிக்காவின் பிளாரிடா மாநிலத்திற்குச் சென்று, அங்குள்ள ஏரி, கால்வாய்களை அடைக்கும் பெருங்களையாயிற்று. எனவே தொட்டியில் கழித்த செடி எதுவாயினும், ஒரு துண்டும் வாய்க்காலிலோ குளத்திலோ விழலாகாது. வெயிலில் நன்கு உலர்த்தி எருக்குழியில் இடுக.