உங்கள் கடைக்குக் கடதாசி இருக்கிறதா?

2020 மார்ச் 18ஆம் திகதி மாலை, நாடு முழுவதற்கும் கொரோனா ஊரடங்கு வருவதற்கு இரண்டு நாள் முன்னதாகவே, புத்தளம் மாவட்டத்துக்கு ஊரடங்கு வந்துவிட்டது. அதே கிழமை விமான நிலையமும் மூடப்பட்டது. ஒக்டோபரில் பேலியகொடை மீன் சந்தையில் தொற்றுப் பரவியதும் மீனைத் தொடவே சனம் பயந்தது. அந்தப் பயத்தைப் போக்க முன்னாள் அமைச்சர் திலீப் வெதஆரச்சி ஊடகவியலாளர்களுக்கு முன்னால் பச்சை மீனைக் கடித்துக் காட்ட வேண்டியிருந்தது. சிலாபம், உடப்பு, கல்பிட்டிக் கரைகளில் தோணிக்காரரும் கருவாட்டு வாடியும் இறால் வடைத் தட்டும் ஒன்றையொன்று நம்பியே பிழைக்கிறார்கள். எல்லாருக்கும் ஒன்றாக அடி விழுந்தது.

அதே ஆண்டு ஏப்ரலில் லித்துவேனியாவின் தலைநகர் வில்னியஸ், தன் பழைய நகரின் சதுக்கங்களையும் தெருக்களையும் உணவகங்கள் மேசை போட இலவசமாகக் கொடுத்தது. நியூயோர்க்கும் ஜூனில் நடைபாதைகளைத் திறந்துவிட்டது. நம் கரையில் வெளியிடத்துக்கு என்றைக்கும் பஞ்சமில்லை. சின்னக் கடைக்காரரிடம் இல்லாமல் போனது அரசின் உதவியைக் கேட்டு வாங்கத் தேவையான கடதாசிதான்.

உதவி இல்லாமலில்லை. மத்திய வங்கி 2020இல் கடன் தவணைகளை ஒத்திவைத்தது. ‘சௌபாக்யா’ மறுமலர்ச்சி வசதியில் 4 சதவீத வட்டிக்குத் தொழில் கடன் கொடுக்கச் செய்தது. ஆனால் அந்தக் கடன் வங்கிகள் வழியாகவே வந்தது. வீதியோரக் கொத்துக் கடை ஒன்றை எண்ணிப் பாருங்கள்: ஒரு தட்டுக்கல், கண்ணாடிப் பெட்டி, நாலு பிளாஸ்டிக் கதிரை, கணக்கெழுத ஒரு சீ.ஆர். கொப்பி. நாளுக்கு நூறு பேர் சாப்பிட்டாலும் வங்கியின் கண்ணுக்கு அப்படியொரு கடை கிடையாது. பதிவுச் சான்றிதழும் இல்லை, கணக்கு அறிக்கையும் இல்லை. இதை அந்தக் கடைக்காரரின் குற்றமென்று நான் சொல்லமாட்டேன். பதிவுக்கு வழிகாட்ட வேண்டியவர்கள் கடைத்தெருவுக்கு வந்ததே குறைவு.

ஆகவே இன்றே தொடங்குங்கள். கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலோடு பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதியலாம். சாப்பாட்டுக் கடை என்றால் பிரதேச சபை அல்லது நகர சபையின் வருடாந்த அனுமதிப்பத்திரமும் வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்ப்பார். கட்டும் ஒவ்வொரு சதத்துக்கும் பற்றுச்சீட்டு கேளுங்கள். அன்றாட வருமானத்தில் ஒரு பகுதியையாவது வங்கிக் கணக்கில் போட்டு எடுங்கள். அடுத்த இடர் வரும்போது உங்களுக்காகப் பேசப்போவது அந்த வங்கிப் புத்தகந்தான்.

கரையில் மேசை போடுவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டப்படி, சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் எதைக் கட்டுவதற்கு முன்னும், கிடுகுக் கொட்டிலாக இருந்தாலும், கரையோரம் பேணல் திணைக்களத்திடம் அனுமதி தேவையா என்று எழுத்தில் கேளுங்கள். பிரதேச சபையின் வியாபார அனுமதிப்பத்திரம் அதற்கு ஈடாகாது. கடன்பட்டுக் கட்டியதை அகற்றச் சொன்னால் கடன் மட்டும் மிஞ்சும். ஆலங்குடாவிலும் கல்பிட்டியிலும் சுற்றுலாக்காரர் திரும்பி வருகிறார்கள் என்பதற்காக, கரைவலை இழுக்கும் இடத்திலும் தோணி ஏற்றும் இடத்திலும் கதிரையைப் பரப்புவதும் நியாயமல்ல. அந்த மணலில் மீனவருக்குள்ள உரிமை நமக்கு முந்தியது.

கடன் பற்றி ஒரு எச்சரிக்கை. தவணை ஒத்திவைப்பு என்றால் தள்ளுபடி என்று நம்பி ஏமாந்தவர்கள் ஏராளம். ஒத்திவைத்த காலத்துக்கும் வட்டி உண்டு. கையெழுத்து வைக்குமுன், புதிய தவணை எவ்வளவு, கடைசித் திகதி எது, மொத்தமாகக் கட்ட வேண்டியது எவ்வளவு என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். முச்சக்கரவண்டியை லீசிங்கில் எடுத்தவர்களுக்கும் இதுதான். நிறுவனம் நியாயமாக நடக்கவில்லையென்றால் முதலில் அதனிடமே எழுத்து மூலம் முறையிடுங்கள். பதில் சரியில்லையெனில் மத்திய வங்கியின் நிதியியல் வாடிக்கையாளர் தொடர்புகள் திணைக்களத்தை 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம்.

சிங்களத்தில் மட்டும் படிவம் தந்தால் விளங்காமல் நிரப்பாதீர்கள். வடமேல் மாகாணத்தில் நிர்வாக மொழி சிங்களமானாலும், அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. மறுத்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம்.

அனுமதி கேட்டு அலையவிடுகிறார்களா? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உரிய அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் கேளுங்கள்: என் விண்ணப்பம் எந்த மேசையில் இருக்கிறது, எந்த விதியின்படி மறுத்தீர்கள், நிவாரணப் பட்டியலை எந்த அடிப்படையில் தயாரித்தீர்கள்? தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானிக்க வேண்டும். இனம், மதம், கட்சி பார்த்து உங்களை ஒதுக்கினார்கள் என்றால் அது அடிப்படை உரிமை மீறல். உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதமே அவகாசம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு பதிந்துவிட்டால், விசாரணை நிலுவையில் உள்ள காலம் அந்தக் கணக்கில் சேராது. முறைப்பாட்டின் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்காமல் திரும்பாதீர்கள்.