ஐந்தாமவனின் கலாசாலை

மைதானத்தைச் சுற்றி ஓடுவது ஒரு வித்தை. மேடும் பள்ளமும் புல்லும் சேறும் கடந்து ஓடுவது வேறொரு வித்தை. அமெரிக்கக் கலாசாலைகளில் இதற்குக் 'கிராஸ் கண்ட்ரி' என்று பெயர். பெரும் பந்தயங்களில் ஒரு கோஷ்டிக்கு 7 பேர். அவர்களில் முதல் ஐவர் வந்து சேர்ந்த ஸ்தானங்களைக் கூட்டுவார்கள். தொகை குறைந்த கோஷ்டிக்கே ஜயம். ஆகவே, முதல்வன் காற்றாய்ப் பறந்தாலும், ஐந்தாமவன் பின்தங்கினால் பயனில்லை.

கலாசாலை தேடும் வாலிபன் இதை மறக்கலாகாது. சுமார் 7,000 அடி உயரத்திலுள்ள பிளாக்ஸ்டாப் நகரத்து வடக்கு அரிசோனா சர்வகலாசாலை, 2016 முதல் 2022 வரை 6 முறை தேசிய ஜயம் பெற்றது. அத்தகைய இடத்தில் சேர்ந்து, நாலு வருஷமும் ஓரமாக நின்று கை தட்டுவதில் என்ன லாபம்? மூன்றாம் பிரிவுக் கலாசாலைகள் ஓட்டத்துக்கென்று உபகாரச் சம்பளம் தருவதில்லை. ஆயினும், அப்பிரிவைச் சேர்ந்த இல்லினாய்ஸ் மாகாணத்து நார்த் சென்ட்ரல் கலாசாலை பன்முறை வாகை சூடியிருக்கிறது. அங்கும் ஓட்டம் ஓட்டந்தான், ஐந்தாமவன் ஐந்தாமவன்தான்.

ஆகையால், கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. அந்தக் கோஷ்டியில் நமக்கு இடமுண்டா? நாளையே கால் முறிந்து ஓட்டம் நின்றாலும், அங்கேயே இருந்து படிக்க மனம் வருமா? இரண்டாவது கேள்விக்கு 'ஆம்' என்று சொல்ல முடியாத இடம், எவ்வளவு கீர்த்தி பெற்றதானாலும் வேண்டாம்.